வேர்க்கும் பாய்

பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பது யார், எந்த ஊர் என்று பார்க்க மாட்டேன், கதைக்கத் தொடங்கிவிடுவேன். என் பிள்ளைகள் இதற்காகவே என்னோடு பயணம் வர வெட்கப்படுவார்கள். "உம்மா, கொஞ்சம் வாய மூடிக்கொண்டு வாங்களேன்" என்று சீலைத் தலைப்பை இழுப்பார்கள். இப்போது ஒருவரும் இழுப்பதில்லை. என் மச்சி றாபியா நாலரை வருஷமாகத் தேடிய பதில் இந்த வாயால்தான் கிடைத்தது. அந்தப் பெருமையை நான் மௌத்தாகும் வரைக்கும் விடப்போவதில்லை.

றாபியா என் தம்பி காலிதீனுடைய மனைவி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். சாய்ந்தமருதில் பெரிய ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அவள் வீட்டுக்கு என் தம்பி ஒரு பையோடு போய்ச் சேர்ந்தான். இரண்டு ஒழுங்கை தள்ளி என் வீடு. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அங்கே எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவள் பாய் இழைப்பவள். "அதிலென்ன அதிசயம், அக்கரைப்பற்றில் வீட்டுக்கு வீடு இழைக்கிறார்களே" என்று சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். மற்றவர்கள் படுக்கப் பாய் இழைத்தார்கள். இவள் இழைத்த பாயைப் பார்த்தால் படுக்க மனம் வராது. உயிருள்ளதை வரையக்கூடாது என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை மீறவில்லை. நண்டை விட்டுவிட்டு நண்டு நடந்த தடத்தை இழைத்தாள். கொக்கு மிதித்த சேறு, தண்ணீர்ப் பாம்பு நெளிந்த வாய்க்கால் ஓரம், புழுதியில் விழுந்த முதல் மழைத் துளிகள், இப்படி எல்லாம் அவள் பாயில் வரும். "கொக்கக் காணல்லயே மச்சி?" என்று கேட்டால், "இப்பதான் பறந்திச்சு, நீங்க போட்ட சத்தத்துல" என்பாள்.

இதற்காக அவள் கரைவாகு வட்டையில் கிடையாய்க் கிடந்தாள். வயலுக்கும் தோணா என்கிற கடல் வாய்க்காலுக்கும் நடுவில், பாய் இழைக்கும் பன் புல் வளரும் சதுப்பு அது. பன் நுனி பழுப்பு ஏறும் நேரத்தில் வெட்ட வேண்டும். முந்தினால் சுருங்கும், பிந்தினால் முறியும். ஒரு பற்றை வெட்டினால் பக்கத்துப் பற்றையை விட்டுவிடுவாள். அதற்குள் நீர்க்கோழி முட்டை இட்டிருக்குமாம். சிவப்புச் சாயத்துக்குப் பதங்கக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காய்த் தண்ணீரில் அவித்துச் சேற்றுக்குள் புதைப்பது. சேற்றில் புதைத்த பன்னை அவள் எடுத்துப் பார்க்கும்போது பார்க்க வேண்டும்! பெற்ற பிள்ளையைக் கையில் வாங்குவது போல வாங்குவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும், கூடவே பொறாமையாகவும் இருக்கும்.

என் தம்பி கரைவலை இழுக்கிறவன். இளவயதில் ஒரு திருக்கை குத்தி, புண் பழுத்து, இடக்காலில் சின்னவிரலை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து மணலில் அவன் காலடி பதிந்தால் இடப்பக்கம் ஒரு விரல் குறையும். கலியாணமான புதிதில் றாபியா அவனுக்கு ஒரு சின்னப் பாய் இழைத்துக் கொடுத்தாள். ஓரத்தால் ஒரு நண்டு நடந்து போகிறது. அதன் தடத்தில் இடப்பக்கம் ஒரு கால் படவே இல்லை. அவனுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்த சிரிப்பு என் வீட்டுக்குக் கேட்டது.

அந்தப் பாயை அவன் கீழே வைத்ததே இல்லை. சுருட்டி, இரண்டு நுனியும் வலைக்கயிற்றால் கட்டி, முதுகில் குறுக்கே மாட்டிக்கொண்டுதான் கடற்கரைக்குப் போவான். தொழுவதும் அதில், பகலில் சாய்வதும் அதில். ஒருநாள் சாமத்தொழுகை முடிந்து போகும்போது சோதனைச் சாவடியில் ஒரு படைவீரன் அதைத் துவக்கு என்று நினைத்துக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டான். பாயை விரித்துக் காட்டிய பிறகு அந்தப் பொடியன் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, சிங்களத்தில் "கக்குளுவா?", நண்டா, என்று கேட்டானாம். "ஓம், நொண்டி கக்குளுவா" என்று தன் காலைக் காட்டியிருக்கிறான் என் தம்பி. இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இதை அவன் நூறு தரம் சொன்னான், நாங்கள் நூறு தரமும் சிரித்தோம்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வலையடியில் நின்றான். றாபியாவும் மகள் ஸாலிஹாவும் வட்டையில் சேற்றுப் பன்னைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர்கள் தப்பினார்கள். வீட்டுக்குள் யன்னல் மட்டத்துக்குக் கடல் வந்து திரும்பியது, சுவர்கள் நின்றன. பரணில் அடுக்கி வைத்திருந்த பாய்கள் மட்டும் நனையவில்லை.

அன்று ஊரில் மௌத்தானவர்களைச் சுற்றும் கபன் துணி தீர்ந்துபோயிற்று. மையத்துகளை மூடத் துணி இல்லை. ஆட்கள் றாபியாவின் வாசலுக்கு வந்து பாய் கேட்டார்கள். அவள் ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தாள். கொக்குத் தடம், மழைத்துளி, பாம்பு நெளிவு எல்லாம் போயின. ஸாலிஹாவின் கலியாணத்துக்கென்று சின்ன வயதிலிருந்தே ஒதுக்கி வைத்திருந்த சிவப்புப் பாயையும் கொடுத்தாள். பரண் வெறுமையான பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மச்சி, அவர ஆரும் மூடியிரிப்பாங்களா?"

அந்தக் கேள்விதான். அதற்குப் பிறகு அவள் வேறெதையும் கேட்கவில்லை. அவன் உயிரோடு இல்லை என்பதை அவள் ஏற்றுக்கொண்டாள். ஊர் மையத்துகளையெல்லாம் தன் பாயால் மூடியவளுக்கு, தன் மனிதன் எங்காவது மூடப்படாமல் கிடந்தானா என்பதுதான் தாங்கவில்லை. எங்கள் மீனவர்கள், "மார்கழி நீரோட்டம் தெக்கதான் இழுக்கும், அக்கரைப்பத்துக்கு அங்கால பாருங்க" என்றார்கள். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் போனார்கள். பாலம் உடைந்து, ரோடு அறுந்து கிடந்தது. போன இடமெல்லாம் பெயர் தெரியாதவர்களை அவசரமாக அடக்கியிருந்தார்கள். வெறும் கையோடு திரும்பினார்கள். பிறகு நாட்டில் பழைய பிரச்சினை திரும்பவும் மூண்டது. அந்தப் பக்கம் போய் வீடு வீடாக விசாரிக்க யாருக்குத் துணிவு வரும்?

றாபியா புருஷனுக்காக இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போக முடியாது. அதற்குள்தான் அவள் கறுப்புத் தடம் போட்ட ஒரு பாயைத் தொடங்கினாள். ஆள் நீளப் பாய். நிறமில்லாத வெறும் பன், குறுக்கே ஒரேயொரு நண்டுத் தடம், ஒரு மூலையில் ஏறி மறு மூலையால் இறங்கிப் போகிறது. இடப்பக்கம் ஒரு கால் இல்லை. பன்னை நாங்கள் கொண்டுவந்து கொடுத்தோம். வழக்கமாக வட்டை வாய்க்கால் தண்ணீரில்தான் அலசி அவிப்பாள். இத்தாவில் இருக்கிறவள் வாய்க்காலுக்குப் போவதெப்படி? வீட்டுக் கிணற்றில் அள்ளினாள்.

அந்தக் கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் விழுந்த கிணறு. அழுக்கான கிணறென்றால் எங்களுக்கு இறைக்கத்தான் தெரியும். மச்சான்மார், மாமாமார் எல்லாம் கிழமைக்கொரு தரம் இயந்திரம் வைத்து இறைத்தார்கள். இறைத்துவிட்டு ருசி பார்ப்பார்கள், உவர்க்கும். மறுபடி இறைப்பார்கள். ஊர் முழுக்க இதே கூத்துத்தான்.

பாயை முடித்ததும் அவள் சுவரில் மாட்டினாள். "இது அவருக்கு. அவர மூடினாங்களா இல்லையாண்டு தெரியாம நான் இன்னொரு பாய்க்குக் கை வெக்க மாட்டன்" என்றாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். அவள் மசியவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி. வானத்தில் ஒரு முகில் இல்லை. காலையில் நான் போனபோது சுவரில் பாய் நனைந்து, அடி ஓரத்தால் துளித்துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நான் ஒழுங்கைக்கு ஓடி வந்து கத்திய கத்தலில் பாதி ஊர் வந்துவிட்டது. "பாய் அழுவுது" என்றார்கள். ஒருத்தி சாம்பிராணிச் சட்டியோடு வந்தாள். ஒருத்தி தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கேட்டாள். பள்ளி மௌலவி வந்து, "இத இப்பிடியே விட்டா நாளைக்கு ஆக்கள் தர்ஹா எண்டு கொடி கட்டிருவாங்க, கழட்டுங்க" என்று பதறினார்.

றாபியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பாயின் முன்னால் நின்று, குனிந்து, நாக்கால் அதை நக்கினாள்.

"உப்பு" என்றாள். பிறகு சிரித்தாள். பத்து மாதத்தில் முதல் சிரிப்பு. "கிணத்து உப்பு, பேயன்மாரே! உப்புச் சாடிய மழை நாளையில திறந்து வெச்சா ஈரிக்கிற இல்லயா? இது அதுதான்."

பக்கத்து வீட்டு ஆசியா உம்மா விடவில்லை. "கண்ணீரும் உப்புத்தானே புள்ள" என்றார். அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

அதிலிருந்து பாருங்கள், வீடு களைகட்டியது! பாய் ஈரித்தால் மழை, காய்ந்தால் வெயில். வரிப்பத்தான்சேனையில் அச்சிமுகம்மது என்று ஒரு விவசாயி, நெல்லைத் தார் ரோட்டில் காயப்போடும் காலத்தில் தினமும் எனக்குப் போனில் கோல் எடுப்பார். சலாம் சொல்லி முடிந்ததும் முதல் கேள்வி, "பாய்க்கு எப்பிடி சுகம்?" நான் றாபியா வீட்டுக்கு ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்துச் சொல்லுவேன். "காய்ஞ்சு கிடக்கு, நெல்லப் போடுங்க."

ஆனால் றாபியாவின் மூளை அதோடு நிற்கவில்லை. "எங்கிட கிணத்துத் தண்ணிக்கு இப்பிடி வேர்க்குது எண்டா, உங்கிட கிணத்துக்கு எப்பிடி வேர்க்கும்?" என்றாள். எல்லாப் பெண்களையும் ஒவ்வொரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு பிடிப் பன்னை அவித்து, கையகலத் துண்டு இழைத்து, அந்தக் கிணற்றுக்காரரை அடையாளம் காண ஒரு நிறத்தைப் போட்டுச் சுவரில் தொங்கவிட்டாள். துண்டு பாயாகாது, அதனால் அவள் சத்தியம் முறியவில்லை என்று நாங்கள் ஒத்துக்கொண்டோம். சில மாதத்துக்கு ஒரு தரம் புதுத் தண்ணீர், புதுத் துண்டு. சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாய் நிறைந்தது. மழைமுகம் கண்டால் உப்புக் கூடிய துண்டுகள் சொட்டும், சில சும்மா ஈரிக்கும், உப்பு விட்டவை அசையாமல் காய்ந்து கிடக்கும். ஊர்க் கிணறுகளெல்லாம் ஒரே அறையில் வந்து உட்கார்ந்திருந்தன!

எந்தக் கிணறு முதலில் நல்ல தண்ணீரானது தெரியுமா? ஜவுபருடைய கிணறு. ஜவுபர் எங்கள் ஒழுங்கையில் பெயர் போன சோம்பேறி. எல்லோரும் இறைத்தபோது அவன் மட்டும் திரும்பிப் படுத்தான். மழை விழுந்து, ஊறி, தானே கழுவிவிட்டது. கிழமைக்கொரு தரம் இறைத்த எங்கள் கிணறுகளுக்குள் கீழிருந்து உவர்தான் ஏறிக்கொண்டிருந்தது. துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது சின்னப் பிள்ளைக்கும் விளங்கிற்று. "இறைக்காதீங்க" என்று றாபியா சொல்லிவிட்டாள். ஊர் கேட்டது. ஜவுபர் மூன்று மாதம் தலை நிமிர்ந்து நடந்தான், தாங்க முடியவில்லை.

அந்தச் சுவரடியில் பெண்கள் வந்து இருப்பார்கள். கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவள், உம்மாவைக் கொடுத்தவள், மூன்று பேரைக் கொடுத்தவள். தண்ணீர் வாளியோடு வருவார்கள், பன்னைக் கிழித்துக்கொண்டு கதைப்பார்கள், சில நாள் பன்னை மட்டும் கிழித்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் கொழும்பிலிருந்து மனநல வேலைக்கு வந்த ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, கலர்ப் பென்சில்களைக் கொடுத்து, "மனசுல உள்ளத எல்லாம் வெளிய கொண்டு வாங்க" என்றாள். றாபியா அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"இறைக்க இறைக்க உப்புத்தான் ஏறும் தங்கச்சி. நாங்க இதுல இரிக்கம், மழை அது பாட்டுக்குப் பெய்யும்."

அந்தப் பிள்ளை பென்சில்களைப் பைக்குள் போட்டுவிட்டு எங்களோடு பன் கிழிக்க இருந்துவிட்டாள். அடுத்த முறை தான் தங்கியிருந்த வீட்டுக் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

இவ்வளவும் நடந்தது. ஊர் தேறியது. றாபியா தேறவில்லை. எல்லாத் துண்டுகளும் மாறின. நடுவில் அந்த ஆள் நீளப் பாய் மட்டும் அப்படியே தொங்கியது. அவள் கை வேறு பாயைத் தொடவில்லை. 2009இல் யுத்தம் முடிந்த கொஞ்ச நாளில் ஸாலிஹாவுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. ஜுனைட், நல்ல பொடியன். எங்கள் வழக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கும் பாயை உம்மா கையால் இழைக்க வேண்டும். "கடையில வாங்குவம்" என்றாள் றாபியா. "உம்மா இழைக்காத பாயில நான் இரிக்க மாட்டன். எத்தின வருஷம் எண்டாலும் பாத்துக்கொண்டிரிப்பன்" என்றாள் மகள். தாயும் மகளும் ஒரே பிடிவாதம். நடுவில் நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அவள் இழைக்க மாட்டாள். அவள் இழைக்காவிட்டால் கலியாணம் நடக்காது. மண்ணுக்குள் போனவனிடம் யார் போய்க் கேட்பது?

இனித்தான் என் பஸ்.

கலியாணச் சீலை பார்க்க அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பக்கத்தில் என் வயது அம்மா ஒருவர், நெற்றியில் திருநீறும் பொட்டும், மடியில் கருவாட்டுப் பை. கல்முனையில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறாராம், பெயர் பாலம்மா. இவ்வளவு கேட்டாலே எனக்குப் போதும். அட்டாளைச்சேனையில் தொடங்கி றாபியாவின் பாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். எப்படி வேர்க்கும், எப்படிச் சொட்டும், எத்தனை பேர் பார்க்க வருகிறார்கள் என்று கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

அந்த அம்மா அசையவில்லை. "இதென்னகா புதினம்? எங்கட வீட்டயும் ஒரு பாய் கிடக்கு. மழைக்கு முதல் நாளே நனைஞ்சிரும்" என்றார்.

எனக்கு மூக்கின் நுனியில் கோபம் வந்துவிட்டது! நாலு வருஷமாக எங்கள் வீட்டுக்கு மட்டும் இருந்த பெருமையில் பங்கு கேட்கிறாளே இவள்!

"பாயெண்டா எல்லாம் ஒண்டா? எங்கிட பாயில நண்டு நடந்த தடம் இரிக்கி. உங்கிட பாயில என்ன இரிக்கி, சொல்லுங்க பாப்பம்."

"நண்டுத் தடம்தான். ஓரத்தால போகும். ஆனா இடப்பக்கம் ஒரு கால் படயில்ல. என்ட பேரப்பிள்ளையள் நொண்டி நண்டெண்டு சொல்லுங்கள்."

நான் வாயை மூடினேன். பஸ் ஓடியது. பிறகு நான் கேட்ட குரல் என் குரலாகவே இல்லை.

"அது எங்கால உங்களுக்கு?"

பாலம்மா என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் குரலும் இறங்கிவிட்டது. "சுனாமிக்குப் பிறகு எங்கட கரையில ஒரு மனிசன் ஒதுங்கினவர்கா. முதுகுல கட்டினபடியே இருந்திச்சு."

நிந்தவூர் தாண்டியிருந்தது. சாய்ந்தமருது வரைக்கும் அவர் கையை நான் விடவே இல்லை. "மகள பிறகு பாருங்க, இப்ப என்னோட வாங்க, என்ட தம்பி அது, என்ட தம்பி" என்று அழுதேன், இழுத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சண்டை என்று நினைத்தார்கள். பாவம், அந்த அம்மா கருவாட்டுப் பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டார். நடத்துநர் பின்னால் எறிந்து கொடுத்தார்.

றாபியா சுவரடியில் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் படலையிலிருந்தே கத்திக்கொண்டு போனேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பாலம்மா உள்ளே வந்து, சுவரில் இருந்த ஆள் நீளப் பாயைக் கண்டதும் நின்றுவிட்டார். கையை நீட்டி அந்தத் தடத்தைத் தொட்டார்.

"இதே கைதான்" என்றார். பிறகு றாபியாவிடம் மெதுவாகச் சொன்னார், "அவருக்கு இடக்கால்ல சின்னவிரல் இல்ல, பிள்ள."

றாபியா கேட்டாள். நாலரை வருஷம் வைத்திருந்த கேள்வியை அவள் சத்தமில்லாமல் கேட்டாள்.

"அவர மூடினீங்களா?"

"மூடாமலா?" பாலம்மாவுக்குக் கிட்டத்தட்டக் கோபமே வந்துவிட்டது. "எங்கட வீட்ட அண்டைக்குக் கூரையும் இல்ல, துணியும் இல்ல. எங்கட மனிசன் அருளம்பலம் கோயிலுக்கு உடுக்கிற வெள்ளை வேட்டி ஒண்டு தென்னையில சிக்கிக் கிடந்திச்சு. அத எடுத்து நல்ல தண்ணியில அலசி, அவரச் சுத்தித்தான் வெச்சம். பாத்தா முஸ்லிம் ஆளெண்டு விளங்கிச்சு. உங்கட ஆக்களக் கூப்பிட ரோடு இல்ல. எங்கட பக்கம் சாமான் விக்க வாற உங்கட மனிசர் மேற்க பாத்துத் தொழுவுறத கண்டிருக்கம். அதால முகத்த மேற்க வெச்சம். சரியோ பிழையோ தெரியா, பிள்ள."

"சரி" என்றாள் றாபியா. "சரி. சரி." அதைச் சொல்லிக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டாள். ஸாலிஹா ஓடிவந்து உம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகையும் வந்தது, துள்ள வேண்டும் போலவும் இருந்தது. வெள்ளை வேட்டி! நாங்கள் கபன் தேடி அலைந்த நாட்களில் என் தம்பிக்கு வெள்ளைத் துணி கிடைத்திருக்கிறது!

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப பாய ஏன் அவரோட வெக்கல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"வெச்சா ஆர் வந்து கண்டுபிடிக்கிற? இத இழைச்ச கை எங்கயோ கிடந்து தேடும், ஆள மண்ணுக்குக் குடுப்பம், பாய ரோட்டால போறவங்களுக்குத் தெரிய மாட்டி வெப்பம் எண்டு எங்கட மனிசன்தான் சொன்னார். அண்டையிலிருந்து தாழ்வாரச் சுவரில ரோட்டப் பாத்தபடி கிடக்கு. ஒருத்தரும் வரல்ல."

மறுநாள் விடிந்ததும் போனோம், றாபியாவும் ஸாலிஹாவும் நானும். திருக்கோவிலுக்கு இந்தப் பக்கம், கடலை ஒட்டிய பத்துப் பதினைந்து வீடுகள். தம்பியை அடக்கிய கபுறு தாழம்பற்றைக்குப் பின்னால் இருந்தது. அடம்பன் கொடி மேலே படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். றாபியா ஓதி முடித்துக் கண்ணைத் திறந்தவள், கொடிக்கு நடுவில் மணலைக் குனிந்து பார்த்தாள். அந்தக் காலையில் ஒரு நண்டு கபுறைத் தாண்டிப் போயிருந்தது.

"மச்சி, இதுக்கு எல்லாக் காலும் இரிக்கி" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் கபுறடியில் நின்று சிரித்தோம். அழுதுகொண்டுதான் சிரித்தோம். பாலம்மா எங்களைப் பார்த்துப் பயந்துபோனார்.

வீட்டுத் தாழ்வாரத்தில் அந்தச் சின்னப் பாய். நிறம் மங்கி, ஒரு மூலை எலி கடித்து, வலைக்கயிறு அப்படியே இருந்தது. நீண்ட காலத்துக்குப் பிறகு கண்ட மனிதரின் தோளைத் தொடுவது போல றாபியா தொட்டாள். காய்ந்து கிடந்தது. அருளம்பலம் அண்ணனைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது எனக்கு, "எங்க அவர்?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போயிற்றார்கா. காலமைக்குப் பாயத் தொட்டுப் பாத்தன், காய்ஞ்சு கிடந்திச்சு. அதாலதான் விட்டன்." சொல்லிக்கொண்டே பாலம்மா பாயைக் கழற்றி, தூசி தட்டி, இரண்டு கையாலும் றாபியாவிடம் நீட்டினார். "இந்தா பிள்ள. உன்ட சாமான்."

றாபியா அதை வாங்கினாள். மூக்கில் வைத்து மணந்தாள். நெஞ்சோடு கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு எழுந்து, அந்த ஆணியிலேயே திரும்ப மாட்டினாள். கடற்காற்றுப் படும்படி நேராக்கினாள்.

"வேணாம் அக்கா, இஞ்சயே கிடக்கட்டும்" என்றாள். "காய்ஞ்சா அண்ணன விடுங்க. நனைஞ்சா விடாதீங்க."

பாலம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அருளம்பலம் அண்ணன் கரைக்கு வரும் வரைக்கும் இருந்து, அவர் தந்த மீனை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினோம். ஸாலிஹாவின் கலியாணத்துக்கு இருவரும் வர வேண்டும் என்று நான் மூன்று தரம் சொன்னேன்.

திரும்பி வரும்போது றாபியா யன்னலோரம் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளுக்காக வாயை அடக்கிக்கொண்டு வந்தேன், நம்புங்கள். சாய்ந்தமருதில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். மேற்கே, வட்டைக்கு. ஸாலிஹாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மீன் பையோடு பின்னால் ஓடினேன். சிறுபோக வயல் பச்சையாக நின்றது. வாய்க்கால் ஓரத்துப் பன் நுனியில் அப்போதுதான் பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. போட்டிருந்த நல்ல சீலையோடு அப்படியே சேற்றுக்குள் இறங்கினாள்.

"சீல பழுதாப்போவுது, என்னடி செய்யிற?" என்று வரம்பில் நின்று கத்தினேன்.

"சிவப்புக்குப் பதங்கம் நிறைய வேணும் மச்சி. மகளுக்குப் பெரிய பாய்" என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள். "அந்த வயல்காரரிட்ட கத்தி வாங்கிக்கொண்டு நீங்களும் இறங்குங்க, கெதியா!"

நான் மீனை வரம்பில் வைத்துவிட்டு இறங்கினேன்.